டேப் சார் அளந்த வழிபாட்டுக் கூடம்

தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே, முன்வரிசையில் இருக்கும் சாரின் துணைவியார் அவர்களே, அவர் மகளே, கட்டிட அனுமதிப் பிரிவில் என்னுடன் வேலை பார்க்கும் தோழர்களே! வணக்கம்.

மறைந்த நம் நகரமைப்பு அலுவலரை நாம் யாரும் பதவியைச் சொல்லி அழைத்ததில்லை. டேப் சார். சட்டைப்பையில் எப்போதும் ஓர் அளவுநாடா இருக்கும். கேலிக்கு வைத்த பெயர். அவர் அதைப் பட்டம் போல ஏற்றுக்கொண்டார். தொலைபேசியை எடுத்தால், "டேப் பேசுறேன்" என்பார்.

வெளியே அவருக்கு ஒரு பதாகை வைத்திருக்கிறோம். நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அனுமதி வாங்கவில்லை. அளவும் அதிகம். பார்த்திருந்தால், "என் மூஞ்சியா இருந்தா மட்டும் சட்டம் வேறயா? கழட்டுங்கப்பா" என்றிருப்பார்.

வாராவாரம் தாங்கள் கூடும் பழைய மெத்தைக் கடையை வழிபாட்டுக் கூடமாக்க அனுமதி கேட்டவர்கள், வாசலில் கையகலப் பலகை ஒன்று மாட்டினார்கள். மறுநாளே கழற்றினோம். இரண்டுக்கும் ஒரே விதிதான். நாம் வாசித்தது விதியை அல்ல, பலகையை.

அந்த விண்ணப்பத்தின் மீது நடந்த பொது விசாரணை நினைவிருக்கிறதா? இதே மண்டபம். பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர் எழுந்து, அவர்களுடைய கடவுளையும் பாட்டையும் பழித்துப் பேசினார். அவர்களுடைய வழிபாட்டை நடத்தும் தையற்கார அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மைக்கை அணைக்கச் சொன்னார் தலைவர். டேப் சார் தடுத்தார்.

"பேசட்டும் சார். அவருக்குப் பேச உரிமை இருக்கு. அதக் கேட்டு அனுமதிய மறுக்கத்தான் நமக்கு உரிமை இல்ல."

மருந்துக்கடைக்காரர் முழுதும் பேசி முடித்தார். அந்த அம்மாவும் பேசினார். பிறகு நாம் என்ன செய்தோம்?

கடவுளைக் காரணம் காட்டச் சட்டம் விடாது. ஆகவே வாகன நிறுத்தத்தைப் பிடித்தோம். திரையரங்குக்கும் திருமண மண்டபத்துக்கும் நாற்காலிகளை எண்ணித்தான் வண்டிகளுக்கு இடம் கேட்போம். இவர்கள் தரையில் அமர்பவர்கள். எண்ண நாற்காலி இல்லை. தரையின் சதுர அடியையே ஆட்களாக எண்ணினோம். மாடிப்படி, கழிப்பறை எல்லாம் சேர்த்து. வந்த விடைக்குப் பாதித் தெருவை இடித்தாலும் இடம் போதாது.

டேப் சார் வழிபாட்டு நாளில் நேரில் போனார். மெத்தைக் கடை வாசலில், வெயிலில், வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து மன்றத்தில் சொன்னார்: "எல்லாரும் நடந்துதான் வர்றாங்க. வாசல்ல ஒரே ஒரு சைக்கிள் நின்னுச்சு. யாருதுன்னு கேட்டேன். மருந்துக்கடைக்காரர் வேவு பாக்க வந்தாராம்."

மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஓர் உறுப்பினர் கேட்டார்: "நீங்க எப்ப சார் அங்க சேந்தீங்க?"

மேடை இன்னும் பலமாகச் சிரித்தது. அவர் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தார். நாங்கள் மேசையைப் பார்த்தோம்.

அனுமதி அளிக்கலாம் என்று அவர் எழுதியது கிடப்பில் போடப்பட்டது. கோப்பு அவர் கையைவிட்டுப் போயிற்று. அடுத்த மன்றக் கூட்டத்தில் அது வாக்கெடுப்புக்கு வருகிறது. அதற்குள் அவர் இதயம் நின்றுவிட்டது.

நேர்மையின் சிகரம் என்றார்கள் எனக்கு முன்னால் பேசியவர்கள். உண்மை. அந்த நேர்மையை நாம் என்ன செய்தோம் என்று யாராவது சொன்னார்களா?

இன்று அந்தத் தையற்கார அம்மா வந்திருக்கிறார். இரண்டு வார்த்தை பேசலாமா என்று வாசலில் கேட்டார். நம்மில் ஒருவர் சொன்னார்: "இது துக்கக் கூட்டம்மா. இன்னிக்கு எதுக்கு அதெல்லாம்?"

"நான் அனுமதி கேக்க வரலப்பா. அவருக்கு நன்றி சொல்ல வந்தேன்."

அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவைத்தோம். அவர் சொன்னதைக் கூச்சமே இல்லாமல் கேட்டுக்கொண்டு நின்றோம். அவரை நாம் மறித்தது யாருடைய பெயரில்? டேப் சாரின் பெயரில்! இதைவிடப் பெரிய அவமரியாதையை அந்த மனிதருக்கு உயிரோடு இருந்தபோதுகூட நாம் செய்ததில்லை.

அந்தக் கோப்பு இப்போது என் மேசையில் இருக்கிறது. நாற்காலியில் அமர்பவர்களுக்கும் தரையில் அமர்பவர்களுக்கும் ஒரே கணக்கு என்று எழுதுவேன். அனுமதி அளிக்கலாம் என்று எழுதுவேன். எப்போது சேர்ந்தாய் என்று என்னையும் கேட்பீர்கள். கேளுங்கள். என் பிரிவின் தோழர்களே, அன்று ஒருமுறை மேசையிலிருந்து தலையை நிமிர்த்துங்கள். வேறொன்றும் வேண்டாம்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்து மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. மன்னியுங்கள், யாரும் எழுந்து நிற்க வேண்டாம். மௌனத்தை அவருக்கு நாம் அவர் இருக்கும்போதே செலுத்திவிட்டோம்.

அம்மா, முன்னால வாங்க. நான் இறங்கிக்கிறேன். நீங்க பேசுங்க.