பாதி திறந்த கதவும் எட்டிப்பார்க்கும் டீச்சரும்

மேடையில் இருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, பள்ளி நிர்வாகி அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் ஓவிய ஆசிரியரின் கணவர் அவர்களே, பெற்றோர்களே, உடன் பணியாற்றும் நண்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் ஓவிய ஆசிரியர் நம்மை விட்டுப் போய்விட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு அவர் நடத்திய ஓவிய நேரமும் வரும் திங்கட்கிழமை முதல் இல்லாமல் போகப்போகிறது என்கிறார்கள். ஆள் இல்லையாம். இனி அச்சடித்த புத்தகத்தில் வண்ணம் தீட்டினால் போதுமாம். அதைப் பற்றிப் பேசத்தான் நான் எழுந்து வந்தேன்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் "எட்டிப்பார்க்கும் டீச்சர்". ஏன் அந்தப் பேர்? எதையாவது ஒருமுறை பார்த்துவிட்டுச் சும்மா நகர்ந்தவரா அவர்? வாளிக்குள் எட்டிப்பார்ப்பார். மேசைக்கு அடியில் எட்டிப்பார்ப்பார். நான் டீ குடித்தால் என் டம்ளரையும் விடமாட்டார்! "அண்ணே, மேல இருந்து பாத்தா டம்ளர் வாய் வட்டமா இருக்கு. கண்ணுக்கு நேரா தூக்கிப் பாத்தா வெறும் கோடு. அந்த வட்டம் எங்க போச்சு?" என்பார். நான் கணக்கு வாத்தியார், பதில் தெரியும். சொன்னால் அடுத்த கேள்வி வரும் என்று டீயைக் குடிப்பேன்.

"இது முக்கோணம், சொல்லுங்க" என்று அவர் தொடங்கியதே இல்லை. சட்டை மாட்டும் ஹேங்கரை மேசைமேல் வைப்பார். "வரைங்க கண்ணுங்களா" என்பார். வரைந்தபின் மூலைகளைத் தொட்டுக் காட்டச் சொல்வார். முக்கோணம் என்ற பேர் கடைசியில்தான் வரும்.

அவருடைய வகுப்புக் கதவு அடியில் உப்பி, தரையில் உராய்ந்து, எப்போதும் பாதி திறந்தே நிற்கும். ஒருமுறை செவ்வகத்துக்காக அந்தக் கதவை வரையச் சொன்னார். அத்தனை பிள்ளைகளும் ஒரு பக்கம் நெட்டை, ஒரு பக்கம் குட்டையாக வரைந்து வைத்தார்கள்!

"என்னம்மா, உங்க வகுப்பு மொத்தமும் கோணலா வரைஞ்சிருக்கு?" என்று நான் கேலி செய்தேன்.

அவர் கோபப்பட்டாரா? பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் போய் உட்கார்ந்து கதவையே பார்த்தார். "அண்ணே, இங்க வாங்க, நீங்களும் உக்காந்து பாருங்க." நாற்காலியோடு நான் எழுந்த கதை இப்போது வேண்டாம். ஆனால் அங்கிருந்து பார்த்தால் கதவு அப்படித்தான் தெரிந்தது. "பாத்ததத்தான் வரைஞ்சிருக்காங்க. பாவம், இது மூடி அவங்க பாத்ததே இல்ல!"

தச்சரை வரவழைத்தோம். "அடியில சீவுனா போதும்மா, அஞ்சு நிமிஷ வேலை" என்றார் அவர். "பிள்ளைங்க முன்னாடி சீவுங்க, நாளைக்கு வாங்க" என்று டீச்சர் நிறுத்தி வைத்தார். மறுநாள் தச்சர் கதவைச் சீவி, மெதுவாக மூட மூட, நெட்டையும் குட்டையும் ஒன்றாவதைப் பார்த்துப் பிள்ளைகள் போட்ட கூச்சல் இருக்கிறதே! ஒரு பெண் குழந்தை எழுந்து, "மாமா, நிஜமா இது எந்த வடிவம்? தொறந்ததா, மூடினதா?" என்றாள்.

தச்சர் தலையைச் சொறிந்தார். "என்னைக் கேட்டா? நீயே வெச்சுப் பாரு" என்று செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை அவள் கையில் கொடுத்து, மேல் மூலைகளுக்கு அவளைத் தூக்கியும் பிடித்தார். நாலு மூலையிலும் மட்டம் பொருந்தியது. கதவைத் திறந்து வைத்தும் பார்த்தாள், அப்போதும் பொருந்தியது. கைதட்டியவர்களில் டீச்சர்தான் அதிகச் சத்தம்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நடந்ததை நேற்று அவர் கணவர் சொன்னார். தலையணையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "மூலை நாலு இருக்கு, ஒரு பக்கம்கூட நேரா இல்ல. தலை வெச்சா வேற மாதிரி ஆயிடுது. இத என்னன்னு சொல்றது? பிள்ளைங்ககிட்ட போய்க் கேக்கணும்" என்றாராம். அவரால் போக முடியவில்லையே! எனக்குத் தாங்கவில்லை.

நிர்வாகி அவர்களே, அந்த நேரத்தை எனக்குக் கொடுங்கள். அடிக்கோல் இல்லாமல் எனக்கு நேர்கோடு வராது. பிள்ளைகள் சிரிக்கட்டும். எட்டிப்பார்க்கக் கற்றுக்கொள்கிறேன், இது இந்தச் சபையில் நான் கொடுக்கும் வாக்கு.

மாப்பிள்ளை, உங்கள் மனைவி என்னை அண்ணே என்றவர், அந்த உரிமையில் கேட்கிறேன்: திங்கட்கிழமை அந்தத் தலையணையோடு நீங்களும் வகுப்புக்கு வாருங்கள். கேள்வியை நான் போடுகிறேன். பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அவருக்கு வரவேண்டிய பதிலை அவருக்காக நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.