உப்பு போட்ட ஐஸ்

— முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூவா பாக்கி நிக்குது, சின்னராஜண்ணா. அப்படியும் மருந்துக் கடை ரஹமத்துல்லா பாய் இந்தப் புது மருந்தைச் சும்மாவா குடுத்தாரு?

— சாம்பிளுன்னு குடுத்தாருங்க, சுகன்யா அம்மிணி. சேலத்துலருந்து நாமக்கல் வரைக்கும் டப்பாவை மடியை விட்டு எறக்கலீங்க.

— வெள்ளிக்கிழமை ஆபீஸ்லருந்து பெரியவங்க பாக்க வர்றாங்க. கோழி செல்லு பச்சையா மின்னலைன்னா நம்ம லேப்பு அவ்வளவுதான்.

— இதாச்சும் ஆவுமுங்களா? மொதல்ல வாங்குனது செல்லையெல்லாம் கொன்னு போட்டுருச்சுங்களே.

— அது மின்ன வைக்கிற டி.என்.ஏவைச் செல்லுக்குள்ள தள்ளுச்சு, செல்லுதான் தாங்கல. ரெண்டாவதுல செல்லு பொழச்சுது, டி.என்.ஏ வெளியவே நின்னுக்கிச்சு. இந்த மருந்தெல்லாமே ஒரு வகைக் கொழுப்புதாண்ணா. டி.என்.ஏவைப் பொதிஞ்சு உள்ள கொண்டு போறது அதோட வேலை. எந்தக் கொழுப்பு எந்தச் செல்லுக்கு ஒத்துக்கும்னு போட்டுப் பாத்தாத்தான் தெரியும்.

— கொழுப்பெடுத்தது சொன்ன வேலையை எங்கீங்க செய்யும்?

— டப்பாவைக் குடுங்க, கிண்டல் அப்புறம். என்னண்ணா இது? குப்பிக்குள்ள கல்லாட்டம் உறைஞ்சு கெடக்குது.

— நல்லா நிக்குது பாருங்க. ஐஸோட கல்லுப்பு ஒரு பாக்கெட் பூராவும் போட்டனுங்க.

— உப்பா?

— மல்லசமுத்திரத்துல குச்சி ஐஸ் வித்தவனுங்க நானு. சுத்தி வெக்கிற ஐஸ்ல உப்பு போட்டாத்தான் மத்தியான வெயில்லயும் குச்சி ஐஸு உருகாம நிக்கும். இத்தனை வெலை மருந்து, கெட்டுப் போயிரக் கூடாதில்லீங்க.

— இது சில்லுன்னு இருந்தாப் போதும்ணா. உறையவே கூடாது. மேலயே எழுதியிருக்குதே.

— அது இங்கிலீசுங்க. நாப்பது வயசுக்கு மேல எழுத்துக் கூட்டுனவன். தமிழே தடவித் தடவித்தான் படிப்பேன்.

— போச்சு.

— உருக்கிக்கலாமுங்களே. நெய்யி உறைஞ்சா அப்படித்தானே பண்றோம்?

— நெய்யில்லைண்ணா இது. ஒருக்கா உறைஞ்சா திரிஞ்சுரும். திரிஞ்சதை என்ன பண்ணியும் பழையபடி கொண்டாற முடியாது.

— அழுவாதீங்க சாமி. நான் பாவி, கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

— உங்களைச் சொல்லி என்னண்ணா பண்றது. பாய்க்குப் போன் போடறேன். கால்ல உழுந்தாவது இன்னொரு குப்பி கேக்கறேன். பாக்கியை என் சம்பளத்துல புடிச்சுக்கட்டும்.

— வேண்டாமுங்க அம்மிணி. போனை வைங்க.

— ஏன்?

— பாக்கின்னு ஒண்ணும் இல்லீங்க இப்ப. மொத்தத்தையும் கணக்குலருந்து அடிச்சுட்டாரு.

— பாயா? பத்து ரூவா கொறைக்கச் சொன்னாலே மூஞ்சியைத் திருப்பிக்குவாரே.

— போன வாரமே நம்ம ஆபீஸ்லருந்து அவருக்குச் சொல்லிட்டாங்களாமுங்க, இனி இந்த லேப்புக்கு எதுவும் தர வேண்டாம்னு. வெள்ளிக்கிழமை வர்றவங்க பூட்டுப் போடத்தான் வர்றாங்களாம். மூடுற எடத்துல என்னத்த வசூல் பண்றதுன்னு அடிச்சுட்டாரு.

— இது தெரிஞ்சேதான் டப்பாவைச் சொமந்துட்டு வந்தீங்களா?

— அந்தப் புள்ள ஒருக்காவாச்சும் செல்லு மின்னுறதைக் கண்ணால பாத்துட்டுப் போவட்டும்னு பாய்தான் குடுத்தனுப்புனாரு. அதுக்காவத்தானுங்க அம்மிணி, அத்தனை உப்பையும் அள்ளிப் போட்டேன்.