கண் சிமிட்டிய வீட்டுக்காரர்

பொன்னேரியில் காலை ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். இருவருக்கும் கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனியில் வேலை என்று சீருடையே சொன்னது. இளையவர் சொன்னதைக் கேட்டதும் நான் பேப்பரைத் தாழ்த்தினேன்.

“எங்க ஊட்டுக்காரரு நேத்துதான்க்கா கண்ணு சிமிட்டுனாரு.”

“இன்னாடி சொல்ற?”

“சிங்கப்பூர் போய் ரெண்டு வருசமாச்சில்ல. பழைய நெட்டுல வீடியோ கால் பேசுனா மூஞ்சி அப்படியே நின்னுக்கினு இருக்கும், கொரலு மட்டும் வரும். நேத்து எங்க தெருவுக்குப் புதுசா ஃபைபர் லைன் குடுத்தாங்க. சினிமா மாரி ஓடுது.”

“அப்ப ஜாலிதான்.”

“எனக்கு ஜாலி, அவருக்குப் பேஜாரு. தண்ணி எடுக்க எந்திரிச்சாரு, பார்த்தா நொண்டிக்கினு போறாரு. கட்டட வேலையில சாரத்துலேர்ந்து உழுந்து மூணு மாசமாச்சாம். எங்கிட்ட மூச்சே உடல.”

“அழுதியா?”

“அழுவறதுக்கு நேரம் ஏது? கெளம்பி வந்துருங்கன்னேன். லைன் சரியில்ல, நீ பேசறது கேக்கலன்னாரு. அந்தக் கதையெல்லாம் பழைய நெட்டோட போச்சின்னேன். சிரிச்சிட்டாரு.”

மூத்தவரும் சிரித்தார். “வர்றாரா?”

“அடுத்த மாசம் வர்றாரு. நம்ம கம்பெனில உக்காந்து பாக்குற வேலை எதுனா இருக்குமான்னு சூப்பர்வைசர கேக்கணும். தனியா போய் கேக்க ஒரு மாரி இருக்கு.”

கும்மிடிப்பூண்டியில் ரயில் நின்றது. மூத்தவர் எழுந்து இளையவரின் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

“ஷிஃப்டுக்கு முன்னாடியே கேட்டுரலாம். வா.”