கருவாட்டைப் பற்றிப் பேசாத உரை

கண்டியிலிருந்து புசல்லாவை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுக்காரர் மனைவிக்கென்று வாங்கிய கீதை உரையைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த நரைத்த மீசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இதுல கருவாட்டப் பத்தி என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களா தம்பி?"

"கருவாடா?"

"நான் பாக்காம வாங்கிக் குடுத்துட்டேன். மீனு, எறைச்சி ஆகாதுன்னு உரையில போட்டிருந்துச்சு. வீட்டுல கருவாடு பொரிக்கிறதையே நிப்பாட்டிட்டாங்க."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"கடை கடையா ஏறி எறங்கி, கருவாட்டப் பத்தி மூச்சு விடாத உரையா ஒண்ணு தேடிக் குடுத்தேன். முழுசா படிச்சாங்க."

"இப்ப கருவாடு உண்டா?"

"உண்டு. பொம்பளைதான் பொரிக்கணும்னும் அதுல எங்கயும் போடலயாம். நான்தான் பொரிக்கிறேன்."