ஆறு பாகம் ஆழம்

விளக்கைத் தணித்து வையுங்கள். ஹமாதி, சிரிக்காதே... நடந்தது உன் பெரியப்பா ஷொமாரிக்குத்தான்.

இரவு இஷா தொழுகை முடிந்து வெகுநேரம். நிலா இல்லை. கில்வாத் துறைமுகத்துக்குள் நுழைகிற நீர்வழியில் புதுச் சுல்தானின் கப்பல் மட்டும் தனியே. வழி சொல்கிறவர் ஷொமாரி. பழைய சுல்தானுக்கும் அவர்தான், பரங்கிக்கும் அவர்தான், பரங்கி போனபிறகும் அவரேதான். "எவன் ஆண்டா என்ன, கப்பலுக்கு வழி வேணுமில்ல?" என்பார். யாரும் கேட்காமலே சொல்வார்.

அந்த இரவுக்கு ஏழு வருடம் முன்னால், கழுத்தில் கத்தியோடு பரங்கிக் கப்பலை இதே வழியில் கொண்டுவந்தார். முன்னால் நின்று கயிற்றில் ஈயக்குண்டை இறக்கி, இரு கை விரித்த நீளம் ஒரு பாகமென்று ஆழம் சொன்னவன் மகாமே, அவர் மனைவியின் அண்ணன். வடத்தில் சிக்கி மோதிரவிரல் பாதி போனவன். பாறையில் அலை உடைகிற சத்தம் கேட்கும்போதே, "ஆறு பாகம்!" என்று கத்தினான். கப்பலை உடைத்து ஊரைக் காப்பாற்றப் பார்த்தான்.

ஷொமாரிக்கு உயிர்ப்பயம். "பொய் சொல்றான்! அங்க ரெண்டு பாகம்கூடக் கிடையாது!"

மகாமேயைத் தூக்கிக் கடலில் போட்டார்கள். விடியும்போது ஊர் எரிந்தது. மனைவி ஸுஹுராவிடம், "உங்கண்ணனுக்குக் கால் வழுக்கிடுச்சு" என்றார். பாவி!

அதற்கப்புறம் இரவில் அந்த வழிக்கு அவர் போனதே இல்லை. அன்று சுல்தான் கட்டளை. ஈயக்குண்டையும் அவரேதான் இறக்கினார். அடிமணல் ஒட்டிவர அதில் கொழுப்புத் தடவியிருக்கும்.

முதலில் வாசம்... எரிந்த கூரை ஓலை வாசம், கடல் நடுவில். அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குரல்.

"நாலு பாகம், மச்சான்."

கயிறும் நாலுதான் காட்டியது.

"மூணு."

மூன்றேதான். பாறை நெருங்கியது. சளப்... சளப்...

"ஆறு பாகம், மச்சான். இப்பவும் பொய்யா?"

இரண்டில் நிற்க வேண்டிய கயிறு போய்க்கொண்டே இருந்தது. ஆறாவது பாகத்தில் நின்றது. பிறகு கீழேயிருந்து... ஒரே இழுப்பு.

கப்பல் எப்படியோ கரை சேர்ந்தது. காலையில் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த குண்டை ஸுஹுரா எடுத்துப் பார்த்தாள். கொழுப்பில் ஐந்து விரல் தடம். ஒன்று பாதி.

"வழுக்கித்தானே விழுந்தான்? அப்ப உங்ககிட்ட எதுக்குங்க கை நீட்றான்?"

அதற்கப்புறம் அவர் கப்பலே ஏறவில்லை. சாகும்வரைக்கும்.

அந்தக் கயிறு இன்னமும் அவர் வீட்டுச் சுவரில் சுருட்டித் தொங்குகிறது. ஹமாதியையே கேளுங்கள். கடல் ஓதம் ஏறுகிற இரவுகளில் அது தானாக நனையும்... குண்டிலிருந்து சரியாக ஆறு பாகம். அதற்குமேல் காய்ந்தே கிடக்கும்.