சிக்னல் கேபின் வெளிப்பலகையில் நடந்தது குறித்து

என் பெயரும் முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் உள்ளபடி சரியானவை. வயது நாற்பத்தாறு. படங்களுக்குக் கண்ணாடி வெட்டிச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். காயம்பட்டவர் என் கணவர், பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஓராண்டுக்கும் மேலாக அவரைப் பிரிந்து என் தங்கை வீட்டில் இருந்து வருகிறேன். எங்களுக்குள் அடிதடியோ வழக்கோ கிடையாது. அவர் வாயைத் திறக்க மாட்டார், நான் இருவருக்கும் சேர்த்துப் பேசிப் பேசி ஓய்ந்துபோனேன், அவ்வளவுதான்.

பழைய ரயில் பாதையில் ஞாயிறுதோறும் சிறிய ரயில் ஒன்றை ஓட்டிவரும் ஆர்வலர் சங்கத்தார், அங்குள்ள சிக்னல் கேபினைச் சீர்படுத்த ஆட்கள் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். அதன் மாடியில் நின்று நெம்புகோலை இழுத்தால் தூரத்தில் சிக்னல் கை இறங்கும். உடைந்த ஜன்னல் கண்ணாடிகளை மாற்ற நான் போனேன். துருப்பிடித்த நெம்புகோல்களைச் சரிசெய்ய என் கணவர் வந்திருந்தார். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. பார்த்ததும் திரும்பிவிட நினைத்தேன். சுமந்து வந்த கண்ணாடி கனத்ததால் இறக்கி வைத்தேன், அப்படியே இருந்துவிட்டேன்.

அதன் பிறகு வாராவாரம் ஒரே அறையில் வேலை செய்தோம். ஏதாவது தேவையென்றால், எப்போதும் தொப்பியோடு இருப்பதால் கேப்டன் என்று அழைக்கப்படும் சங்கத் தலைவரிடம் சொல்வோம். அவர் நடுவில் நின்று தபால்காரர் வேலை பார்த்தார். பின்னர் ஒருநாள், அசையவே அசையாத நெம்புகோல் ஒன்று என் கணவர் இழுத்ததும் நகர்ந்து, வெளியே சிக்னல் கை இறங்கியது. கேப்டனும் மற்றவர்களும் கைதட்டினார்கள். என் கணவர் அவர்களைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பி, "எறங்கிச்சு, பாத்தியா?" என்று கேட்டார். நான் "பாத்தேன்" என்றேன். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் டீயை என் அருகில் உட்கார்ந்துதான் குடித்தார். பேசியது கொஞ்சம்தான். நானும் அவசரப்படுத்தவில்லை.

நேற்று மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு, மாடி ஜன்னல்களுக்கு வெளியே சுற்றிவரும் மரப்பலகையில் நின்று, கண்ணாடி அசையாமல் பிடித்து நிற்க அதன் ஓரத்துக்கு நான் மக்கு பூசிக்கொண்டிருந்தேன். என் கணவர் உள்ளே இருந்தார். காலுக்கடியில் சத்தம் கேட்டது. நான் குனிந்து பார்ப்பதற்குள் அவர் கதவு வழியாக வெளியே வந்து, என் தோளைப் பிடித்து உள்பக்கமாகத் தள்ளிவிட்டார். அதனால் நான் நின்ற இடத்தில் அவர் நிற்கும்படி ஆயிற்று. பலகை ஒடிந்தது. நான் திரும்பி இரண்டு கைகளாலும் அவர் சட்டையின் மார்புப் பக்கத்தைப் பிடித்தேன். சட்டை கிழிந்து அவர் கீழே விழுந்தார். நான் எப்படி இறங்கி ஓடினேன் என்பது நினைவில்லை.

தம்பிக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் கணவரின் அண்ணன், பலகை ஒடிந்த நேரத்தில்தான் கீழே வந்து நின்றிருக்கிறார். என் கைகள் அவர் தம்பியின் மார்பில் இருந்ததையும், தம்பி விழுந்ததையும் அவர் பார்த்தார். அதை வைத்து நான்தான் தள்ளினேன் என்று போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். அவர் நின்ற இடத்திலிருந்து எனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

தள்ளினீர்களா என்று கேட்டதற்கு, இல்லை என்கிறேன். விழுந்த பிறகு என் கைக்குள் அவருடைய சட்டைப் பொத்தான் இரண்டு இருந்தன. அவற்றை ஒப்படைத்துள்ளேன். விசாரணை முடிந்ததும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ்காரர் இதை எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது நர்ஸ் வந்து, என் கணவர் கண் விழித்துவிட்டதாகவும், அருகில் இருந்த அண்ணனிடம் முதலில் கேட்டது "அவ விழலையே?" என்பதுதான் என்றும் சொன்னார். இதையும் சேர்க்கும்படி நான் கேட்டதால் சேர்க்கப்பட்டது.

சொன்னது யாவும் உண்மை. யாரும் வற்புறுத்திச் சொல்லவில்லை. மீதியைப் படித்துக் காட்ட வேண்டாம், அவரைப் பார்க்க உள்ளே போக வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில், நின்றபடியே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)