தாலியைத் தொடாத கை

"பொய் சொல்றப்ப நீங்க தாலியத் தொடுறீங்க அண்ணி."

பர்மாவில், பசுந்தாங்கிலிருந்து அலோனுக்குப் போகும் டவுன் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் மகளுக்குச் சம்பந்தம் பேசப் போகிறார். இப்படிச் சொன்னது கூட வந்த நாத்தனார். பர்மியப் படங்களில் அழுது அழுது எல்லாருக்கும் தெரிந்த முகம்.

"நீ என்ன வேலை பாக்குறேன்னு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா?"

"சயாமான்னு சொல்லுங்க. டீச்சர்தானே நான்."

"எந்த ஸ்கூல்னு கேப்பாங்க. போக்கர் சீட்டு ஆடச் சொல்லித் தர்றான்னா சொல்றது? பேசாம நடிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம்."

"பத்து வருஷம் அழ விட்டாங்க. அப்புறம் இனிமே அம்மா வேஷந்தான்னாங்க. ஷூட்டிங்குல சும்மா உக்காந்திருந்தப்ப கத்துக்கிட்ட சீட்டு இப்ப சோறு போடுது. சிங்கப்பூர்லேருந்துகூட போன்ல படிக்கிறாங்க."

"சீட்டுல என்னடி படிப்பு?"

"நம்ம முகத்தக் காட்டக்கூடாது, எதிராளி முகத்தப் படிக்கணும். அவ்வளவுதான். உங்கள மாதிரி தாலியத் தொட்டா போச்சு."

அண்ணி சட்டென்று கழுத்திலிருந்து கையை எடுத்தார்.

"நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கிறேன் அண்ணி. என்னால உங்களுக்கு வெட்கம்."

"யாரு சொன்னா? எனக்கு ஒரு வெட்கமும் இல்ல. பேசாம வா."

நாத்தனார் அண்ணியின் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு கையும் மடியிலிருந்த லட்டுப் பெட்டியின் மேல் இருந்தன.

"நிசமாவா, இல்ல அதுக்குள்ள கத்துக்கிட்டீங்களா?"

அண்ணியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.